இலைச் சுவர்

"எல்லா இலையும் சுத்துது டீச்சர். எல்லா லைட்டும் எரியுது. ஆனா உக்கார ஒரு ஆள் வரல்ல."

தாணுமாலயன் இதைச் சொன்னபோது அழாத குறை. தலை முழுக்க நரைத்த சிற்பிதான், நாலு ஊரில் பேர் வாங்கியவன்தான். ஆனாலும் பிரிஜித் டீச்சர் முன்னால் வந்து நின்றால் பழைய மாணவன் ஆகிவிடுவான். அதனால் நமக்கும் அவன் 'அவன்'தான்.

டீச்சர் அவனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். செம்பை அடிக்கவும் வளைக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர். பட்டறையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அவன் கூப்பிட்டான் என்று பஸ் ஏறி வந்திருந்தார்.

கணவாய் ஓரத்து மைதானத்தில் நின்றது அவன் கட்டிய மண்டபம். மேற்குப் பக்கம் சுவர் கிடையாது. அங்கே தரையிலிருந்து கூரைவரை செம்பு இலைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம், விரல் நுழைய இடம் விடாமல். கணவாய்க் காற்றில் இலைகள் சுற்றும். அதில் வரும் மின்சாரத்தில் மண்டபத்துக்கும் தெருவுக்கும் விளக்கு எரியும். சாயங்கால வெயில் பட்டால் கண்ணை எடுக்க மனசு வராது.

வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளூர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை பேரூராட்சிக் கூட்டம். ஆள் வராத மண்டபத்த இடிச்சிட்டுக் கடை கட்டணுமாம். தீர்மானம் கொண்டு வாறது அந்தா நிக்காரே, அவருதான்."

எதிர்ச்சாரியில், டீக்கடை வாசலில், வார்டு உறுப்பினர் ஞானதாஸ் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர்.

"இது வெறும் மைதானமா கெடந்தப்போ டெய்லி சாயங்காலம் இங்கதான் இருப்பாரு. ஊரே இருக்கும் டீச்சர். இப்போ நெழல் இருக்கு, பெஞ்சு இருக்கு, லைட்டு இருக்கு. என்ன கொறச்சல்?"

"உக்காருவோமா?" என்றார் டீச்சர்.

அந்தி மங்கும் நேரம். உட்கார்ந்தார்கள். தாணு மண்டபத்தின் வரைபடத்தை விரித்தான். இன்னொரு வரிசை இலை சேர்க்கலாமா, கலர் விளக்குப் போடலாமா என்று மூச்சுவிடாமல் கேட்டான்.

டீச்சர் வரைபடத்தை அவன் கையிலிருந்து வாங்கினார். நாலாக மடித்தார். விசிறிக்கொண்டார்.

தாணு பதறிப்போனான்.

"அய்யோ, வேர்க்குதா? இருங்கோ, பேன் போடுகேன்."

ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினான். தலைக்குமேல் மின்விசிறி சுழன்றது.

"இதும் இலை தாற கரண்டுதான் டீச்சர்!"

டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். இலைச் சுவரைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம பட்டறை ஞாபகம் இருக்கா தாணு?"

இல்லாமலா? சாயங்காலம் மேல்காற்று உள்ளே நுழைந்ததும் டீச்சர் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். எவ்வளவு அவசர வேலையானாலும் சரி. "காத்து வந்தாச்சு. கையில உள்ளத வச்சிட்டு வாங்க" என்பார். உலைச்சூட்டில் வெந்தவர்கள் எல்லோரும் பின்வாசலில் போய் நிற்பார்கள். சட்டை உப்பும்.

இந்த மண்டபம் கட்டும் ஆசையே அவனுக்கு அந்த வாசலில்தான் பிறந்தது. இவ்வளவு நல்ல காற்று வீணாகப் போகிறதே என்று.

எப்படிப்பட்ட நாட்கள் அவை! அந்தக் காலத்தில் செய்ததுபோல் தாணுவின் கை தானாகச் சட்டைக் காலரைத் தளர்த்தியது. சட்டை உப்பவில்லை, முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

தாணு எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். ஸ்பேனரை எடுத்தான்.

உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வரும் ஓர் இலையைப் பிடித்து நிறுத்தினான். அவன் கையால் அடித்த இலை. நரம்பு நரம்பாகச் செதுக்கியது. கழற்ற மனசு வரவில்லை. கழற்றினான்.

ஒரு விளக்கு அணைந்தது.

அடுத்த இலை. அடுத்த விளக்கு.

டீச்சர் மடியிலிருந்த வரைபடம் படபடத்துப் பறந்து மூலையில் போய் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

பாதி மண்டபம் மங்கலாகிவிட்டது. எதிர்ச்சாரியில் ஞானதாஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். டீ கிளாசைக் கடையில் வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் இரண்டு பேர் அவர் பின்னாலேயே வந்தார்கள்.

தாணு ஸ்பேனரோடு நின்றான்.

"இன்னும் எத்தன எலை கழத்தணும் டீச்சர்?"

டீச்சரும் கண்ணை மூடியிருந்தார்.

"காத்து வந்தாச்சு தாணு. கையில உள்ளத வச்சிட்டு வா."