இரண்டாம் அறை எலிகள்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு இரண்டு அறைகள். முதல் அறை எலிகளைத் தினமும் குளிர்ந்த தண்ணீரில் நீந்த விடுவார்கள். இரண்டாம் அறை எலிகளை யாரும் ஒன்றும் செய்வதில்லை. தின்னலாம், தூங்கலாம். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் இரண்டு அறைகளிலும் வாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள்.

பயம் வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி ரத்தத்தில் ஒரு ஹார்மோனை விடும். அது எந்த அறையில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் செங்கமலத்தின் ஆராய்ச்சி. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் படிக்க வந்தவள் அவள். அவளுடைய பேராசிரியர் நசீமா அவளைவிட வயதில் சின்னவர்.

இரண்டாம் அறையில்தான் ஹார்மோன் அதிகமாக இருந்தது.

ஏதோ தப்பு என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தது.

"ஊசிக்குப் பயந்திருக்கும்க்கா" என்றான் மாசிலாமணி. எலிகளுக்குத் தீனி போடுவதும் அவன்தான், ஊசி குத்துவதும் அவன்தான்.

"பயந்தாலும் ரத்தத்துல ஏற சில நிமிஷம் ஆகும் தம்பி. நீ பிடிச்ச உடனே எடுத்துடற. அதுக்குள்ள எப்படி ஏறும்?"

"அப்ப நான் வர்றதுக்கு முன்னாடியே பயந்திருக்கு."

"எதைப் பார்த்து?"

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஜன்னல் கூடக் கிடையாது. "ஒரு எலுமிச்சம்பழம் கட்டிடலாமா அக்கா? மேடத்துக்குத் தெரிய வேணாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரைக்கு மேல் பாம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். குழாயில் காதை வைத்துக் கேட்டாள். கூண்டை மாற்றினாள், விளக்கை மாற்றினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஊசிக்கு முன்னால் ஏதோ ஒன்று அந்த அறைக்குள் வந்து போகிறது. அதை நினைத்தாலே பிடரி சிலிர்த்தது.

நசீமா கூப்பிட்டனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை ஆராய்ச்சியைப் பார்வையிடற குழு வருது. காரணம் தெரியலைன்னா இந்த எலிகளை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாத்தையும் முடிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கச் சொல்வாங்க."

"முடிச்சிட்டுன்னா?"

நசீமா எலிக் கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"யாரும் ஒண்ணும் செய்யாத எலிக்கு எதுக்கு மேடம் பயம்?"

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

இரண்டாம் அறைக் கதவை நசீமா ஓசையில்லாமல் கொஞ்சமாகத் திறந்தார். இருவரும் வெளியிலேயே நின்றார்கள். உள்ளே கொறிக்கிற சத்தம், ஓடுகிற சத்தம். ஓர் எலி பாட்டிலில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"ஊசி போடற அன்னிக்கு முதல்ல யார் உள்ள போறது?"

"நான்தான். மாசிலாமணி சடக்குன்னு போய் வாலைப் பிடிச்சிடுவான். பாவம், வாயில்லா ஜீவன். அதான் நான் முன்கூட்டியே போய்க் கொஞ்ச நேரம் ஆறுதலாப் பேசிக்கிட்டிருப்பேன்."

"முதல் அறையிலயும் பேசுவீங்களா?"

"அங்க போகவே மனசு வராது மேடம். அதுங்க தத்தளிக்கிறதைப் பார்க்க முடியல."

"மாசிலாமணியைக் கண்டா இந்த எலிங்க ஓடுதா?"

"இல்லையே. தினம் தீனி போடறவன். கிட்ட ஓடியாரும்."

"மத்த நாள்ல நீங்க?"

"மத்த நாள்ல எனக்கு இங்க என்ன வேலை? ஏதாவது தேட வந்தாலும் கொஞ்சிப் பேசறதில்ல."

நசீமா தலையசைத்தார். "எப்படிப் பேசுவீங்க? இங்கேருந்தே பேசுங்க."

செங்கமலத்துக்குக் கூச்சமாக இருந்தது. இடுக்கில் வாயை வைத்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட நாளில் இருந்த குரலில் கூப்பிட்டாள்.

"தங்கங்களா... ராஜாத்திங்களா... அம்மா வந்திருக்கேன்டா..."

கொறிப்பது நின்றது. ஓட்டம் நின்றது. யாரோ அந்த அறையின் வாயைக் கையால் பொத்தினாற்போல் இருந்தது. எல்லா எலிகளும் கூண்டுகளின் பின்மூலைக்கு ஒடுங்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டன. தண்ணீர் குடித்த எலி மட்டும் நகரவில்லை. பாட்டிலில் வாய் வைத்தபடியே இருந்தது. குடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றார் நசீமா.

அவள் இடுக்கிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டாள். இத்தனை வாரமாய் அந்த அறைக்குள் வந்துபோனது எது என்று தெரிந்துவிட்டது.

"குழுகிட்ட நான் சொல்லிக்கிறேன். எலிகளைக் கொல்ல வேண்டாம்."

செங்கமலம் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே கேட்டுவிடாதபடி மெல்லச் சொன்னாள்.

"இனிமே நான் இந்தப் பக்கமே வரல மேடம்."

நசீமா கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு ஊசி இல்ல" என்றார். "நாளைக்கு வந்து பேசுங்க."