தொட்டிக்குறிச்சிப் பிள்ளைகள் சுருதி சேர்ந்த கதை

தொட்டிக்குறிச்சிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள், அங்கேதான் வினை.

அந்த ஊர் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் பூவராகன், பாட்டு வாத்தியார் வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் பதில் வந்தது. வாத்தியார் வரவில்லை, மூன்று வரி வந்தது. ‘பிள்ளைகள் ஐந்தரைக் கட்டையில் பாட வேண்டும். ஏழு சுரமும் வர வேண்டும். எல்லாரும் சுருதியோடு சேர வேண்டும்.’

அடியில் இன்னொரு வரி. குளத்துக்கு இக்கரைப் பள்ளி, அக்கரைப் பள்ளி இரண்டில் எது மோசமாகப் பாடுகிறதோ அதை மூடி, மற்றதோடு சேர்த்துவிடுவார்களாம். பத்து நாளில் அதிகாரி வருகிறாராம்.

பூவராகன் அந்த வரியை மூன்று தடவை படித்தார். அக்கரைத் தலைமையாசிரியர் தெய்வநாயகம் அவருடைய சொந்த மச்சினன். தன் பள்ளியை மூடினால், அந்தப் பொடியன் முன்னால் கைகட்டி நின்று லீவு கேட்க வேண்டும். மனுஷனுக்கு அதைவிடக் கேவலம் உண்டா?

உடனே பள்ளிக் குழுவைக் கூட்டினார். குழுத் தலைவர் ஆவுடையப்பனும், சத்துணவு சமைக்கும் செம்பகமும் வந்து உட்கார்ந்தார்கள்.

“கட்டைன்னு எழுதிட்டான். என்ன கட்டைன்னு எழுதலையே?” என்றார் ஆவுடையப்பன்.

“வேப்பங்கட்டைன்னா தொண்டைக்கு நல்லது,” என்றாள் செம்பகம்.

“அது சரி. அரைக் கட்டைன்னா நீளத்துல பாதியா, கனத்துல பாதியா?”

இதிலேயே பொழுது மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் வந்து இறங்கிய ஆறு கட்டையில் ஒன்றைச் செம்பகம் சாம்பாருக்குப் பாதி எரித்துவிட்டாள், விவகாரம் தானாகத் தீர்ந்தது. இருபத்துமூன்று பிள்ளைகளையும் ஐந்தரைக் கட்டையில் ஏற்றிப் பாடச் சொன்னார்கள். பாட்டு ஆரம்பிப்பதற்குள் கட்டை உருண்டு, பிள்ளைகளும் உருண்டார்கள்.

அடுத்தது சுரம்.

“ஏழு சுரத்துக்கு எங்கே போறது?” என்று பூவராகன் தலையில் கை வைத்தார். “எனக்குத் தெரிஞ்சது குளிர்சுரம், விஷசுரம், ரெண்டுதான்.”

“முதல்ல ஒண்ணு வரட்டும் சார், மத்தது பின்னாலேயே வரும்,” என்றார் ஆவுடையப்பன்.

காலை மணி அடித்ததும் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கினார்கள். சாப்பாட்டு மணி வரைக்கும் ஒரே கும்மாளம். ஒரு தும்மல்கூட வரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் காவலுக்கு நின்ற பூவராகனுக்குத்தான் நூற்றுமூன்று டிகிரி அடித்தது. பல் கிடுகிடுக்க, “ஒண்ணு வந்தாச்சு, இன்னும் ஆறு,” என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது வரிதான் அவரை உலுக்கியது. அவருக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒரே ஒரு சுருதிதான். மச்சினன் மகள். அக்கரைப் பள்ளியில் நாலாம் வகுப்பு.

போய்க் கெஞ்சிப் பார்த்தார். “எங்க அப்பா ஸ்கூல விட்டு வரமாட்டேன் மாமா,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்தக் குட்டி.

“சுருதி நம்மோட சேரணும்னு எங்கே எழுதியிருக்கு?” என்று கடிதத்தை விரலால் தட்டினார் ஆவுடையப்பன். “எல்லாரும் சுருதியோட சேரணும்னுதானே எழுதியிருக்கு?”

அட, ஆமாம்! பூவராகனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காய்ச்சலோடு உட்கார்ந்து, தன் கையாலேயே இருபத்துமூன்று டி.சி. எழுதிக் கிழித்தார். பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போய், சுருதியோடு சேர்த்துவிட்டு வந்தார். அப்பாடா, பள்ளி தப்பித்தது!

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். பள்ளியில் ஐந்தரைக் கட்டையும் போர்வைக்குள் தலைமையாசிரியரும்தான் இருந்தார்கள்.

“பிள்ளைங்க எங்கே?”

“எல்லாரும் சுருதி சேர்ந்துட்டாங்க சார். ஒருத்தர்கூட பாக்கியில்ல!”

அதிகாரி தொட்டிக்குறிச்சிக்காரர் இல்லை, பாவம், நாலு பட்டம் வாங்கியவர். கையிலிருந்த படிவத்தில் ஒரே கேள்விதான் அச்சடித்திருந்தது: ‘சுருதி பிசகும் பிள்ளைகள் எத்தனை?’ அவர் காலியான வகுப்பை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கரைக்குப் போனால், அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ‘ஐம்பத்தொன்று’ என்று எழுதினார்.

அடுத்த வாரமே அக்கரைப் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. தெய்வநாயகம் ஐம்பத்தொரு பிள்ளைகளோடு, சுருதியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “இனிமே உங்களுக்குக் கீழதான் வேலை அத்தான்,” என்றார், தொங்கிய முகத்தோடு.

பூவராகனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே! கடிதத்தை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கட்டை ஆச்சு. சுருதி ஆச்சு.

“சுரத்துலதான் ஆறு பாக்கி மாப்ளே,” என்றார். “சட்டையைக் கழட்டிட்டுக் குளத்துல இறங்குங்க.”