சினை நண்டுக்குச் சாட்சி

பாக் நீரிணைக் கரையோர ஊரொன்றில் மிக்கேலம்மாள் என்றொருத்தி இருந்தாள். புருஷன் செத்துப்போனபிறகு வள்ளத்தில் தன்னந்தனியாகப் போய் நண்டுவலை போட்டுப் பிழைத்தாள்.

ஒருநாள் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து நிபுணர் வரதராஜன் வந்தார். கடல் வளம் குறையாமல் பிடித்த நண்டுக்குப் பச்சைச் சீட்டு, மற்றதற்குச் சிவப்பு. சிவப்பை யாரும் வாங்கமாட்டார்கள். விசைப்படகு முதலாளி ஒருவர் கட்டுக்கட்டாகச் சான்றிதழ்க் காகிதம் நீட்ட, அவருடைய நண்டுப் பெட்டியைத் திறக்காமலே நிபுணர் பச்சை ஒட்டினார்.

"முட்டையோட மாட்டுற சினை நண்டைக் கடல்லயே விட்டுடுவேன் சார்," என்றாள் மிக்கேலம்மாள்.

"விட்டதைப் பார்த்த சாட்சி உண்டா?"

"தனியாப் போறவளுக்கு ஏது சார் சாட்சி?"

"சாட்சி இல்லேன்னா சிவப்புதான்மா."

கரையே கூடி வேடிக்கை பார்த்தது.

"நான் விட்ட நண்டு கடல்ல இருக்கு சார், கூப்பிட்டா வராது. விடாத நண்டுங்க கரைக்கு வந்திருக்குமில்ல? அதுங்களைக் கேளுங்க," என்றவள் தன் கூடையை அவர் காலடியில் கவிழ்த்தாள். ஒன்றிலும் சினை இல்லை. "அந்தப் பச்சைப் பெட்டியையும் கவிழுங்க."

கூட்டத்தின் முன்னால் மறுக்க முடியாமல் அவரே கவிழ்த்தார். பாதி நண்டுகளின் அடிவயிற்றில் மஞ்சள் முட்டை அப்பியிருந்தது. கரை முழுக்கச் சிரிப்பு. முகம் வெளுத்துப்போன நிபுணர் பெட்டியில் சிவப்பை ஒட்டிவிட்டு, பச்சையை அவளிடம் கொடுத்தார்.

சிரித்து முடித்தவர்கள் கலைந்து போனார்கள். அவள் ஒற்றையாளாக வள்ளத்தைக் கரையேற்றுவதைப் பார்த்து, நிபுணர் வந்து ஒரு கை கொடுத்தார்.

"தனியாக் கடலுக்குப் போகப் பயமில்லையாம்மா?"

"கடல்ல என்ன சார் பயம்? திரும்பிவந்து ஆளில்லாத வீட்டுக் கதவைத் திறக்கிறப்பதான்."