எண்பத்தாறு குரல்கள்

"முழுசாக் கேக்காம ஒரு மனுஷனை எப்படி மேடம் வேணாம்னு ஒதுக்குறாங்க?" என்று கேட்டார் வடமலை.

ஹெப்சிபா ஹெட்போன் வயரில் விழுந்திருந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வடமலைக்கு நாற்பத்தாறு வயது. ஒட்டன்சத்திரம் பக்கம் எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். இந்தக் குரலுக்கு நீ இருக்கவேண்டிய இடமே வேறு என்று ஊரார் உசுப்பேற்றிவிட்டார்கள். மனுஷன் அதை நம்பி, டப்பிங் பேசலாம் என்று சென்னை சாலிகிராமத்துக்கு வந்து பதினோரு மாதமாகிறது.

ஹெப்சிபாவுக்கு முப்பத்திரண்டு. எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் குரல் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் டப்பிங் கோஆர்டினேட்டர். வடமலை அவளைத்தான் குருவாக வரித்திருந்தார். அதற்கு அவள் சம்மதம் எல்லாம் அவர் கேட்கவில்லை.

"இருபத்திரண்டு ஸ்டுடியோவுக்கு என் குரலைப் பதிஞ்சு டெமோ குடுத்துட்டேன் மேடம். ஒரு போன் வரல."

"எவ்வளவு நேரம் ஓடுது உங்க டெமோ?"

"ரெண்டே கால் நிமிஷம். கடைசியில ஒரு அழுகை சீன் வெச்சிருக்கேன். அது வரைக்கும் கேட்டாங்கன்னா கண்டிப்பாக் கூப்பிடுவாங்க."

"ம்."

அவர் நீட்டிய பென்டிரைவை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள். ஏதோ செய்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

வெளிநாட்டுத் தொடர் ஒன்று தமிழில் வரப்போகிறது. அதில் வரும் அப்பாவுக்குக் குரல் வேண்டும். இருநூறு எபிசோடு. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஹெப்சிபா மூன்று பேரை அனுப்ப வேண்டும், அந்த மூவரில் ஒருவரைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். இதுவும் கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவதாக வடமலை மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"சார், ஒரு உதவி," என்றாள் ஹெப்சிபா. "அந்த அப்பா ரோலுக்கு எண்பத்தாறு டெமோ வந்திருக்கு. பேர் கிடையாது, நம்பர்தான். கேட்டு மூணு எடுங்க."

"நானா?"

"நீங்கதான். எதை எத்தனாவது செகண்டுல நிறுத்தினீங்கன்னு பக்கத்துல எழுதிடுங்க. நீங்க கழிச்சதை நான் மறுபடி கேக்க மாட்டேன்."

தன்னுடையதை அவளே தனியாகக் கேட்கப்போகிறாள் என்று வடமலை நினைத்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு டெமோ கேட்கும் அறையில் வந்து உட்கார்ந்தார். ஒருவரையும் பாதியில் நிறுத்துவதில்லை என்று மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டார்.

முதல் ஆள் சாமியாகப் பேசினார், அசுரனாகச் சிரித்தார், ஆட்டுக்குட்டியாகக் கத்தினார். மூன்று நிமிஷம். முழுசாகக் கேட்டார் வடமலை.

நான்காவது ஆள் மேளத்தோடு ஆரம்பித்தார். வடமலைக்குத் திக்கென்றது. அவர் டெமோவிலும் அதே மேளம்தான். நல்லவேளை, பேசியது வேறு யாரோ.

ஏழாவதில் காது சூடேறிவிட்டது.

பன்னிரண்டாவது ஆள் தன் பெயர், தகப்பனார் பெயர், படிப்பு, சொந்த ஊர் எல்லாம் சொன்னார். நாற்பதாவது செகண்டிலும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. வடமலை நிறுத்தினார். தப்புதான் என்று தோன்றியது.

இருபதாவதை நிறுத்தியபோது அப்படித் தோன்றவில்லை.

அதே மேளம் இன்னும் நாலைந்து பேரிடம் இருந்தது. இலவசமாகக் கிடைக்கிற மேளம் போலிருக்கிறது. புல்லாங்குழல் வைத்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் சங்கே ஊதினார்.

"அட, பேசுங்கப்பா!" என்றார் வடமலை, ஆளில்லாத அறையில்.

முப்பத்தொன்றாம் எண்ணை அழுத்தினார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

அவ்வளவுதான். முன்னால் ஒன்றுமில்லை. வடமலை சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்கால்தான். முப்பத்தொன்றைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஐம்பதைத் தாண்டியபோது கை பழகிவிட்டது. மேளமா, இரண்டு செகண்ட். வணக்கமா, மூன்று. பெருக்கல் குறி, அடுத்தது. அறுபத்தெட்டாவது ஆள் மின்தடை அறிவிப்பு ஒன்றைத்தான் படித்தார். கரண்ட் போவதற்குள் வீட்டில் மாவு அரைத்தாகிவிட்டதா என்று கேட்கத் தோன்றும்படி படித்தார். அவருக்கும் ஒரு வட்டம். எழுபத்தொன்பதுக்கு ஒன்று.

நான்கு மணிக்கு ஹெப்சிபா வந்தாள்.

"முடிச்சாச்சு மேடம். மூணும் முத்து."

"உங்களோடது?"

"என்னோடதா? அது இதுல இல்லையே."

"ஐம்பத்து மூணு."

வடமலை தாளைப் பார்த்தார். ஐம்பத்து மூன்றுக்கு எதிரில் பெருக்கல் குறி. பக்கத்தில் 2. அவர் கையெழுத்துதான்.

"இல்ல மேடம்... அந்த மேளத்தைப் பல பேர் வெச்சிருந்தாங்க. அதான்..."

"உங்க குரல் எப்ப வரும்?"

"பன்னெண்டாவது செகண்டுல." அவசரமாகச் சேர்த்துச் சொன்னார். "எங்க ஊர்ல மேட்ச் ஆரம்பிக்கும்போது முதல்ல மேளம்தான் மேடம் அடிப்போம். அப்பதான் கூட்டம் சேரும்."

"இங்க யாரு சார் கூட்டம்?"

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தரம் கேட்டுப் பாக்கலாமா மேடம்?"

"மத்தவங்களுக்கு இன்னொரு தரம் குடுத்தீங்களா?"

அவர் தாளை அவள் பக்கம் நீட்டினார்.

"தாள் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் டீ குடிச்சிட்டு வந்து வாங்கிக்கறேன்," என்றாள் ஹெப்சிபா. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தாளும் பேனாவும் வடமலையும் இருந்தார்கள்.

ஐம்பத்து மூன்றை அழுத்தினார். மேளம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது செகண்டில் அவர் விரல் தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டில் குரல் வந்தது. நல்ல குரல். குறை சொல்ல ஒன்றுமில்லை. அழுகைக் காட்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை இதுவரை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குரலுக்காக வருத்தமாகவும் இருந்தது, யாரோ ஊர்க்காரனுக்கு வருத்தப்படுவது போல.

எழுபத்தொன்பதை அடித்துவிட்டு ஐம்பத்து மூன்று என்று எழுத ஒரு கணம்கூட ஆகாது. எழுபத்தொன்பது யாரென்று அவருக்குத் தெரியாது. தன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்று அந்த ஆளுக்கும் தெரியப்போவதில்லை. ராத்திரி மனைவியிடம் நல்ல சேதி சொல்லலாம். பேனாவைக் கையில் எடுத்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று எழுபத்தொன்பதை இன்னொரு முறை போட்டுக் கேட்டார்.

நாலே முக்காலுக்கு ஹெப்சிபா வந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள். முப்பத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்தொன்பது. அடித்தல் திருத்தல் இல்லை.

"மாத்தலையா சார்?"

"இந்த மூணு பேரும் என்னைக் காக்க வெக்கல மேடம்," என்றார் வடமலை.