கௌதாரியும் சாணவண்டும்

முன்னொரு காலத்தில் முள்ளிநாட்டை உக்கிரமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கௌதாரிக் கறி என்றால் அவனுக்கு உயிர். அடுத்தவர் உயிர்தான் அவனுக்குப் பெரிதில்லை.

தன் காட்டில் ராஜா வேட்டையாடக் கூடாது என்று சொன்ன மலைத்தலைவன் காளனையும் அவன் தம்பியையும் விருந்துக்கு அழைத்துச் சிறையில் தள்ளியிருந்தார்கள். அழைப்பு ஓலை அனுப்பியவர் அரசவைப் புகழ்பாடி விடங்கர். தம்பியை முந்தின நாளே கழுவேற்றியாயிற்று. காளனுக்கு அன்று பொழுது சாயும்போது.

"விருந்தாளியைக் கொல்வது அநியாயம் அரசே" என்று சொல்லிச் சொல்லி அமைச்சர் குழந்தையப்பருக்கு வாய் வலித்துவிட்டது. ராஜா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்போது சபை நடுவே ஒரு சாணவண்டு ஊர்ந்தது. அமைச்சரைக் கண்டாலே ஆகாத விடங்கர் துள்ளி எழுந்தார்.

"பாருங்கள் மகாராஜா! நான் தங்கள் கௌதாரி. காதுக்கும் இனிமை, நாவுக்கும் இனிமை. அமைச்சர் இந்த வண்டு. எந்நேரமும் சாணத்தையே உருட்டுவார்!"

சபை சிரித்தது. ராஜாவுக்குக் குஷி பிறந்தது. "அமைச்சரே, கௌதாரியைவிட வண்டு உசத்தி என்று காட்டும். காட்டினால் கேட்டது தருவேன். தவறினால் அந்த வண்டைத் தின்ன வேண்டும்."

"காளன் உயிரைக் கேட்பேன்."

"கேளும்."

வேட்டைக்காரர்கள் பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டோடு அரண்மனைப் பின்புறப் புதரோரம் வைத்து, சுற்றிலும் கண்ணி போடச் சொன்னார் அமைச்சர். கூண்டுப் பறவை கூவியது. புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுக் கௌதாரி ஓடி வந்து கண்ணியில் கழுத்தைக் கொடுத்தது.

"பார்த்தீர்களா அரசே? இது கூப்பிடுகிறது, நம்பி வந்த இனம் சாகிறது. இதற்குக் கூலி ஒரு பிடி கறையான். வண்டோ தன் உருண்டையைத் தானே உருட்டிப் பிழைக்கிறது. அதை நம்பி வந்து எவரும் செத்ததில்லை. விடங்கர் சொன்னது சரிதான், அவர் கௌதாரியேதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு தட்டு கறையானை விடங்கர் முன்னால் வைக்கச் சொன்னான். அந்த ஆளின் தலை தொங்கிப்போயிற்று. அமைச்சருக்கு முத்துமாலை, காளனுக்கு விடுதலை.

விலங்கு கழற்றிய காளனை வாசலில் நிறுத்தி, "இனி விடங்கரால் யாரையும் கூப்பிட முடியாது" என்றார் அமைச்சர், பெருமையாக.

"அந்த ஆள் பேச்சை மலையில எவன் சாமி நம்புவான்? ஓலையத் தூக்கி எறிஞ்சிட்டேன். 'அந்தச் சபையில குழந்தையப்பர் இருக்காரு, ஒண்ணும் ஆகாது'ன்னு என் தம்பிதான் எடுத்துக் குடுத்தான். ஒங்கள நம்பித்தான் வந்தோம்."

அமைச்சர் முத்துமாலையைக் கழற்றி பின்புறம் இருந்த அந்தக் கௌதாரிக் கூண்டின்மேல் போட்டுவிட்டு, அப்படியே ஊரைவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ராஜா எத்தனை ஓலை அனுப்பியும் முள்ளிநாட்டு விருந்துக்கு ஒருவரும் வரவில்லை.