ஏழாவது மூச்சில் விழும் அடி

கருவேலங்காட்டின் நடுவே ஒரு பெரிய கறையான் புற்று இருந்தது. கறையான்கள் அதை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. புற்றுக்கு அடியில், மண்ணுக்குள், விசாலமான ஒரு குழி. அந்தக் குழியில் தினமும் உச்சிவெயில் நேரத்தில் பிராணிகள் கூடி ஆடின.

அந்த நேரத்தில் மேலே அனல் பறக்கும். பருந்துகூட மர நிழலில் ஒதுங்கிவிடும். கீழே குளிர்ந்த இருட்டு. இப்படி ஓர் ஆட்டம் நடப்பது காட்டில் பலருக்குத் தெரியாது. ஒருவர் காதில் இன்னொருவர் சொல்லித்தான் வர முடியும்.

கொட்டுக்காரர் சிலும்பன் ஒரு முள்ளம்பன்றி. செத்துப்போன இலுப்பை மரத்தின் தடித்த வேர் ஒன்று குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உள்ளே பொந்து. சிலும்பன் பின்னங்காலால் அதை உதைத்தால், ‘தொம்’ என்ற சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும்.

வாசற்காவல் உருளி என்ற அழுங்கு. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில். கடைசி ஆள் உள்ளே வந்ததும் அவர் வாசலிலேயே பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்வார். பிறகு எவராலும் அவரை நகர்த்த முடியாது. அதனால் உள்ளே இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள்.

நொச்சி என்ற வெள்ளெலி மட்டும் சில நாட்களாகக் கண்ணைத் திறந்துகொண்டு ஆடினாள்.

அவள் முதன்முதலில் வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. அப்போது சிலும்பனின் காலில் ஒரு முள் தைத்திருந்தது. அதனால் அடி ஒழுங்காக விழாது. திடீரென்று நின்றுவிடும். குழி முழுக்க மௌனம். அடுத்த அடி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மௌனத்தில் நொச்சியின் மனம் நுனிக்காலில் நின்றது. இப்போதா? இல்லை. இப்போதா? இல்லை. பிறகு, தொம்! எல்லோரும் குதித்தார்கள். ஒரு முயல் ஒரு தேரையின் மேல் போய் விழுந்தது. தேரை திட்டியது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்று வளைக்குத் திரும்பிய நொச்சிக்கு வெகுநேரம் உடம்பு அடங்கவில்லை.

முள் எடுத்தாயிற்று. கால் ஆறியது. ஒருநாள் தற்செயலாக ஏழு மூச்சு மௌனத்துக்குப் பிறகு அடி விழுந்தது. கூட்டம் ‘ஹோய்!’ என்று கத்தியது. மறுநாளும் ஏழு மூச்சு. மறுநாளும் ‘ஹோய்!’ அதற்கப்புறம் அது மாறவே இல்லை. நாற்பது அடி. ஏழு மூச்சு மௌனம். தொம். ஹோய். இப்போது குட்டித் தேரைகள்கூட மௌனம் வந்ததும் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ண ஆரம்பித்துவிட்டன. கூட்டம் பெருகியது. ஆனால் நொச்சிக்கு அந்தப் பழைய நடுக்கம் வரவே இல்லை. தினமும் அதற்காகத்தான் வந்தாள். தினமும் அது இல்லாமல் திரும்பினாள்.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சிலும்பனிடம் போனாள்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு தங்கச்சி.”

“ஒரே ஒரு நாள் மூணாவது மூச்சுல அடிங்களேன். இல்லேன்னா பத்து வரைக்கும் இழுங்களேன்.”

சிலும்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். “போன மாசம் எட்டாவது மூச்சுல அடிச்சேன். பொருமாயி என்ன பண்ணுச்சு தெரியுமா? வீட்டுக்கே வந்துடுச்சு!”

பொருமாயி என்பது, அன்று முயல் மேலே விழுந்த அந்தத் தேரைதான். இதைக் கேட்டபடியே அவள் வந்து சேர்ந்தாள்.

“ஆமா, வந்தேன்! ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அவ்வளவு தூரம் தத்தித் தத்தி வர்றேன். ஏழுல அடிப்பேன்னா ஏழுல அடிக்கணும்! நாங்க எல்லாம் ஏழுல குதிச்சோம். கீழே வந்து பாத்தா அடியே விழல! எவ்வளவு அசிங்கம்!”

“பெரியம்மா, முந்தி எப்போ விழும்னே தெரியாதே. அது நல்லா இல்லையா?”

“முந்தி என் முதுகுல முயல் விழுந்துச்சு. அது உனக்கு நல்லா இருந்துச்சாக்கும்!”

பக்கத்தில் காதைச் சொறிந்துகொண்டிருந்த முயல் தாவன் சிரித்தான். “இந்த நொச்சிக்கு எப்பவுமே ஒரு குறை. தெரிஞ்சது வந்தாத்தானே சுகம்? பிடிக்கலைன்னா வீட்டுல இருந்து தானியம் கொறிக்க வேண்டியதுதானே!”

எல்லோரும் சிரித்தார்கள். நொச்சியின் காது சூடாகிவிட்டது. வளைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் அவள் கூட்டத்தை விட்டு விலகி, குழியின் மேற்குச் சுவரோரம் நின்று ஆடினாள். அங்கேதான் அந்தச் சத்தம் கேட்டது.

தொம். அதோடு ஒட்டிக்கொண்டு, மெல்ல, ‘சரக்’. தொம், சரக். தொம், சரக்.

நொச்சி அப்படியே நின்றுவிட்டாள். இது சிலும்பனின் முதுகு முட்கள் உரசும் சத்தம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள்! பக்கத்து வளையில் இருந்துகொண்டு கூடவே வாசிக்கிறார்கள்! தன்னைப் போலவே கூச்சம் போலிருக்கிறது. அதனால்தான் உள்ளே வரவில்லை.

அன்று அவள் தொம்முக்கு ஆடவில்லை. சரக்குக்கு ஆடினாள்.

அடுத்த நாளும் அங்கேயே நின்றாள். அதற்கடுத்த நாளும். சத்தம் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தது. வருகிறார், நம்மிடம் வருகிறார் என்று நினைத்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மண் மெல்ல அதிர்ந்தது. “எந்த ஊருங்க?” என்று கேட்டாள். பதில் இல்லை. அந்த முகம் எப்படி இருக்கும் என்று வளையில் படுத்தபடி நினைத்துப் பார்த்தாள். அவர் உள்ளே வந்து வேரின் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏழாவது மூச்சு என்ற பேச்சே இருக்காது என்று தோன்றியது.

நான்காம் நாள் ஒரு விஷயம் அவள் மனதில் உறுத்தியது.

தொம் விழும்போதெல்லாம் சரக் விழுந்தது. மௌனம் வந்ததும் அதுவும் சட்டென்று நின்றது. ஏழு மூச்சுக்கும் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அடுத்த தொம்மோடு சேர்ந்து மறுபடி கிளம்பியது. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

நொச்சி யோசித்தாள். கூட வாசிக்க ஆசைப்படுகிறவர், கொட்டு நிற்கும்போதுதானே தன் சத்தத்தைக் கொஞ்சமாவது கேட்க வைப்பார்? இவர் ஏன் கொட்டுச் சத்தத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறார்? கேட்கக்கூடாது என்று நினைப்பவர்தானே அப்படிச் செய்வார்?

அவள் சுவரில் காதை வைத்தாள். சரக்குக்குப் பின்னால் இன்னொன்று கேட்டது. மூச்சு. நீண்ட நாக்கைத் தொங்கப் போட்டு வாங்கும் மூச்சு.

நரி!

வெயிலில் கல்லாக இறுகிய புற்றுமண்ணை அது நாட்கணக்காகத் தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டும் சத்தம் கேட்காதபடி, அடி விழும்போது மட்டும் நகத்தைப் போட்டது. எப்போது தோண்டலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது அதற்கு முழுக்க மனப்பாடம். நான்கு நாட்களாகத் தான் காதலோடு கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா? நொச்சிக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

ஆட்டத்தின் நடுவே பொருமாயியின் காதோரம் போனாள். “பெரியம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் நரி தோண்டுது!”

“ஆட விடு!”

“சத்தியமா! தொம்முக்குப் பின்னாடி கேளுங்க!”

பொருமாயி ஒரு கணம் காது கொடுத்தாள். “தொம்தான் கேக்குது. நேத்து வரைக்கும் ஆட்டம் பிடிக்கலைன்னே. இன்னிக்கு நரி வருதுங்கிறே. நாளைக்குப் புலியா?”

தாவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். “வாசல்ல உருளி மாமா இருக்காருல்ல! போய் ஆடு!”

நொச்சி வேரின் அருகே ஓடினாள். சிலும்பன் உதைத்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணே, இப்பவே நிறுத்துங்க!”

“இப்பவா? இருபத்தாறாவது அடிதானே ஆகுது!”

“அதுக்குத்தான் சொல்றேன். யாரும் எதிர்பாக்காத இடத்துல நிறுத்துங்க. அப்போதான் அது மாட்டிக்கும்!”

“எது?”

“நரி.”

சிலும்பன் அவள் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் கண்ணை மூடி, நாற்பதாவது அடியை நம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

கால் காற்றில் அப்படியே நின்றது.

மௌனம்.

அந்த மௌனத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, அம்மணமாக வந்தது: ‘சரக்’. பதறிப்போய் இன்னொன்று: ‘சரக்’. அப்புறம் அதுவும் நின்றது.

மேற்குச் சுவரிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்தது.

பொருமாயியின் வாய் திறந்தபடி நின்றது. தாவன் கத்தப் போனான். நொச்சி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

“கத்தாதே! நமக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அதுக்குத் தெரியக்கூடாது. அண்ணே, கால் வழுக்கின மாதிரி மறுபடி முதல் அடியிலேருந்து ஆரம்பிங்க. எப்பவும் போலவே அடிங்க. அது அடி இருக்கிற வரைக்கும் தோண்டும். தலை மண்ணுக்குள்ள இருக்கு, நம்மளப் பாக்காது. அதுக்குள்ள எல்லாரும் வெளியே போயிடலாம்!”

தொம். சிலும்பன் ஆரம்பித்தார். தொம், தொம். சற்றுத் தயங்கி, சுவருக்கு அப்பால் சரக் திரும்பி வந்தது.

உருளி சத்தமில்லாமல் பந்தைப் பிரித்து வாசலைத் திறந்தார். முதலில் தேரைக் குட்டிகள். பிறகு பொருமாயி. பிறகு முயல்கள், எலிகள். வெளியே எட்டிப் பார்த்த தாவனுக்கு உயிரே போய்விட்டது. புற்றின் மேற்குச் சரிவில் ஒரு குழி. அதில் இடுப்புவரை புகுந்திருந்தது நரி. வால் மட்டும் வெயிலில் ஆடியது, அதுவும் தாளத்துக்குச் சரியாக!

ஒவ்வொருவராகக் கருவேலம் புதருக்குள் நழுவினார்கள்.

உள்ளே சிலும்பனும் நொச்சியும் மட்டும் மிஞ்சினார்கள். கூட்டம் ஆடுவதுபோலக் கேட்க வேண்டுமே என்று நொச்சி அங்கும் இங்குமாகத் தனியே குதித்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் போ, தங்கச்சி.”

“ஆடற சத்தம் நின்னா அது சந்தேகப்படும்.”

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. மௌனம் வந்தது. சரக்கும் நின்றது. சுவரில் ஒரு விரல்கடைதான் மண் மிச்சம். வெறிச்சோடிய குழியில் எண்ணுவதற்கு ஒரு குட்டித் தேரைகூட இல்லை. இப்போது அது பாய்ந்துவிட்டால் அடுத்த அடி விழாது. விழுமா? இரண்டாவது மூச்சு. விழுமா? நான்காவது. நொச்சியின் மனம் நுனிக்காலில் நின்றது. இத்தனை மாதமாக அவள் தேடித் தேடி ஏங்கியது, இந்தக் காலியான இருட்டில், சாவுக்கு ஒரு விரல்கடை முன்னால், அவளிடம் வந்துவிட்டிருந்தது. ஐயோ, இது இப்படியா வர வேண்டும் என்று நினைத்தாள். ஆறு. ஏழு.

தொம்!

“ஹோய்!” என்று அவள் ஒருத்தியே கத்தினாள். பிறகு ஓடினாள்.

சுவர் இடிந்தது. நரி உள்ளே விழுந்து, விருந்து விருந்து என்று சுற்றிப் பார்த்தது. குழி காலி! வாசல் வழியில் மட்டும் யாரோ பின்பக்கம் காட்டிக்கொண்டு மெதுவாக வெளியேறுவது தெரிந்தது. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அது சிலும்பனின் பின்பக்கம். அவர் முட்கள் அத்தனையையும் விரித்திருந்தார். நரியின் ஊளை மூன்று ஓடைகளுக்கு அப்பால்வரை கேட்டது. மூக்கில் ஆறு முட்களோடு அது அந்தக் காட்டைவிட்டே ஓடிப்போயிற்று.

மேற்குச் சுவர் போனதும் புற்றின் கூரை மளமளவென்று சரிந்தது. குழி இருந்த இடம் வெறும் மண்மேடாகிவிட்டது. புதருக்குள் எல்லோரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். பொருமாயி மூக்கை உறிஞ்சினாள்.

“நாளைக்கு எங்கே ஆடுவோம்?” என்று கேட்டாள்.

“தெரியல,” என்றார் சிலும்பன்.

“வேர் இல்லாம எப்படி அடிப்பீங்க?”

“அதுவும் தெரியல. ஏதாவது ஒரு பாறை, பானை ஓடு, எது கிடைக்குதோ அது.”

தாவன் நொச்சியின் முகத்தைப் பார்க்காமல் மண்ணைக் கிளறினான். “எத்தனாவது மூச்சுல விழும்னாவது சொல்லுங்கண்ணே.”

சிலும்பன் அன்று முதன்முறையாகச் சிரித்தார். “அது எனக்கே தெரியாதுப்பா.”

பொருமாயி பெருமூச்சு விட்டாள். ஆனால் திட்டவில்லை. வெயில் சாயத் தொடங்கியது. ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். நொச்சி மட்டும் அந்த மண்மேட்டின் ஓரம் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழி இனி இல்லை என்பது அவளுக்கு வலித்தது. நாளை எப்படி இருக்கும் என்று தெரியாதது இனித்தது. இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு துள்ளு துள்ளி, வளையை நோக்கிப் போனாள்.

அடுத்து என்ன வரும் என்பது நமக்கு மனப்பாடம் ஆகும்போது, நம் ஆனந்தம் உறங்கிப்போகிறது. நம் பகைவனோ அதே பாடத்தைப் படித்துக்கொண்டு விழித்திருக்கிறான்.