வலையைத் தின்ற கூனி

நீரோட்டத்தோடு மிதந்துபோகும் வழிவலையைக் கடலில் விட்டுவிட்டால், விடியும்வரை ஒருவன் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காவல் முறையில் தூங்கி வலையைத் தொலைத்தவனை அந்தக் கரையில் எவரும் மறுபடி வள்ளத்தில் ஏற்றுவதில்லை. கயித்தானுடைய முறையில்தான் வலை போனது.

"வலை எங்கல?" என்றாள் வள்ளத்துக்காரி ரெஜினா அக்கா. ஏலக்கூடத்து நிழலில் நெத்திலி பிரித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கயித்தான் கையில் வலை இல்லை. ஆனால் வாய் மட்டும் அவனை என்றைக்கும் கைவிட்டதில்லை.

"கூனி தின்னுட்டுக்கா."

கூனி என்பது கடலில் மிதந்து திரியும் பொடி இறால். அரிசிக் குருணையைவிடக் கொஞ்சம் பெரிசு. என்ஜின் ஓட்டும் சில்வஸ்டருக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது.

"சிரிக்காதல. நீ தூங்கிட்டுக் கெடந்த, ஒனக்கென்ன தெரியும்? கூனி நம்மள மாதிரி கடிச்சுத் திங்காது. காலால தண்ணிய விசிறும். தண்ணில இருக்க பச்சைப் பாசித் தூசியெல்லாம் கால் முடில வந்து ஒட்டும். அத வழிச்சு வாய்க்குக் கொண்டுபோவும். புடிக்கலன்னா துப்பிரும். நேத்து வந்த கூட்டம் இருக்கே, கடலே கேப்பக்கூழ் மாதிரி ஆயிட்டு. அம்புட்டும் சேந்து விசிறுச்சு பாரு, நம்ம வள்ளம் என்ஜின் இல்லாமலே கெழக்க பறக்குது."

"பொறவு?"

"கடல்ல இருந்த பச்சை பூராத்தையும் தின்னுட்டு. தண்ணி கண்ணாடியாயிட்டு. கொழும்புல ஒருத்தன் பல் தேய்க்கது தெரியுது."

"ராத்திரில எவம்ல பல் தேய்ப்பான்?"

"படுக்கப் போறவன் தேய்ப்பான். ஒனக்குத்தான் அந்தப் பழக்கம் கெடையாதே."

ரெஜினா அக்கா நெத்திலியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கயித்தானுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"பொறவு வள்ளத்து அடிப்பாசியத் தின்னுச்சு. வெளிப்பக்கத்துல அடிச்சிருந்த பச்சை பெயிண்டத் தின்னுச்சு. என் பச்சைச் சட்டைல ஒரு கை போயிட்டு. கடைசியா வலைல வந்து வாய வச்சிட்டு."

"நம்ம வலை நீலம்லா?" என்றான் சில்வஸ்டர்.

"அதுக்கு அது என்னல செய்யும்? பச்சை தீந்துபோச்சு. மொதல்ல ஒரு வலைக்கண்ணியத் தின்னு பாத்துத் துப்புச்சு. பொறவு உப்பு போதும்னு உக்காந்துட்டு. நா துடுப்பால அடிச்சேன், துடுப்பத் தின்னுச்சு. அழுதேன்க்கா, கண்ணீரத் தின்னுச்சு."

ரெஜினா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ சொல்லுதது நெசந்தாம்ல. காலைல அந்தக் கூனியெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. நீல வலை வயித்துக்கு ஒத்துக்கலயாம், முழுசாக் கக்கி வாசல்ல போட்டுட்டுப் போயிருக்கு."

கயித்தான் அசடு வழியச் சிரித்தான். கடலில் எவனோ எடுத்து வந்து போட்டிருக்கிறான், வலை கிடைத்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"போவும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு," என்றாள் அக்கா. "நாளைலேருந்து கயித்தான வள்ளத்துல ஏத்தாதீங்க, அவன் கொறட்டைல எங்களுக்கு ஒரு வாய் நிம்மதியாத் திங்க முடியலன்னு."